பெரியத்தை டப்பாவில் சர்க்கரை

துண்டைக் கட்டியாயிற்று. இருட்டாக இருக்கும் என்று பார்த்தால் இல்லை, ஒரு மாதிரி பழுப்புச் சிவப்பு, ஜன்னல் பக்கம் மட்டும் கொஞ்சம் வெளுத்துத் தெரிகிறது, அதுவும் கூடாது, இன்னொரு மடிப்பு மடித்துக் கட்டிக்கொள்கிறேன், கள்ளாட்டம் ஆடினாள் தனபாக்கியம் என்று நாளைக்கு அந்த மனுஷன் சொல்லிவிடக் கூடாது. இப்போது சரி. இப்போது சுத்தமாக ஒன்றுமில்லை. கூடத்தில் அவர் பேப்பரைப் பிரிக்கிற சத்தம் கேட்கிறது. தபால் ஆபீசில் காலமெல்லாம் கடிதம் பிரித்துப் போட்ட கை, பேப்பரைக்கூட யாருக்கோ சேர வேண்டியது போல மரியாதையாகத்தான் பிரிப்பார். அவர் பேசக் கூடாது, சமையலறைக்குள் வரக் கூடாது, நான் கூப்பிட்டால் நான் தோற்றேன். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு மத்தியானச் சமையலை ஒற்றை ஆளாக முடித்துவிட்டால், இன்றைக்கு இளங்கோ போன் செய்யும்போது, நாங்க வரலப்பா, இங்கேயே இருந்துக்கறோம் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு பெங்களூர், மகன் வீடு, பன்னிரண்டாவது மாடி. நான்தான் இந்தப் போட்டிக்கு இழுத்தேன். அவர் கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்துவிட்டு, சரி உன் இஷ்டம் என்றார். சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம். கொதிக்கிற எண்ணெயில் அப்பளம் பொரிப்பதுதான் பயம், இருக்கட்டும், அது கடைசியில்தானே.

புளியை முதலில் ஊறப்போடு. புளி ஜாடி கீழே, அடுப்பு மேடைக்கு அடியில், கால் கட்டைவிரல் பட்டாலே தெரியும். ஒரு எலுமிச்சம்பழ அளவு, வெந்நீர், அது பாட்டுக்கு ஊறட்டும். சிரிப்பு வருகிறது எனக்கு. சாதாரணமாகக் கண் தெரிகிறபோது நான் என்ன பெரிதாகப் பார்த்துவிட்டேன், என் பார்வையே இப்போது வளையலுக்குள் எட்டிப் பார்க்கிற பார்வைதான், நடுவில் ஒரு வட்டம் பளிச்சென்று இருக்கும், சுற்றிவர ஒன்றுமிருக்காது, கருப்பாகக்கூட இருக்காது, இல்லை அவ்வளவுதான். நெடுநாளாக நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டிருந்தேன், வீடுதான் சுருங்கிவிட்டது என்று நினைத்திருக்கிறேன் பைத்தியக்காரி. கண் நீர் அழுத்தம் என்றார் டாக்டர். போனது போனதுதாம்மா, சொட்டு மருந்து விடாமப் போட்டா இருக்கிறதக் காப்பாத்தலாம் என்றார். எத்தனை நாளைக்கு டாக்டர் என்றேன். போட்டுக்கிட்டே இருங்க என்றார். அதற்கு அர்த்தம் தெரியாத முட்டாளா நான். வீட்டுக்கு வந்து அன்றைக்கு ஒரு பாட்டம் அழுதேன், மறுநாளும் அழுதேன், அதற்கடுத்த நாள் அழலாம் என்று உட்கார்ந்தால் அழுகை வரவில்லை, காலையில் என்ன செய்வது என்று தெரியவில்லை, எழுந்து போய் பீரோவைத் திறந்தேன். அப்படி ஆரம்பித்ததுதான்.

பீரோவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, தொட்டுப் பார்த்து, இது இன்னது, இன்ன இடம் என்று போனில் என் குரலிலேயே பதிந்து வைத்தேன். வீட்டுப் பத்திரம் மேல் தட்டு, பிளாஸ்டிக் கவர், ஒரு முடிச்சு. கேஸ் புத்தகம் அதே தட்டு, இரண்டு முடிச்சு. பட்டுச்சேலை ஒவ்வொன்றுக்கும் உள்பக்க ஓரத்தில் ஒரு பொத்தான், பச்சைக்கு உருண்டை, நீலத்துக்குச் சதுரம், அரக்குக்குப் பொத்தானே கிடையாது, அரக்கு எனக்குச் சரிகையின் சொரசொரப்பிலேயே தெரியும். வீட்டுச்சாவியில் நூல் சுற்றினேன், மொட்டை மாடிச் சாவியை அப்படியே விட்டேன். நான் கேட்டுக்கொள்ளத்தான் பதிந்தேன், ஆனால் பதியப் பதிய ஒரு குஷி வந்துவிட்டது, ரேடியோவில் பேசுகிறவள் மாதிரி குரலை இறக்கி ஏற்றி, நேயர்களே இப்போது நாம் பார்க்கவிருப்பது இரும்புப் பெட்டி என்று ஆரம்பித்தேன். அவர் வாசலிலிருந்து தலையை நீட்டி, நீ என்ன சென்சஸ் எடுக்க வந்த அம்மாவா, சாப்பாடு உண்டா இல்லையா என்றார். இந்த வீட்டில் இத்தனை சாமான் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கண் நன்றாக இருந்த காலத்தில் ஒன்றையும் நான் தொட்டுப் பார்த்ததில்லை, எடுத்திருக்கிறேன், வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அடுக்களைதான் மலைப்பாக இருந்தது. எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பா, வழவழவென்று, மிளகாய்த்தூள் எது மல்லித்தூள் எது என்று எந்த விரலுக்குத் தெரியும். ரப்பர் பேண்டு போட்டுப் பார்த்தேன், எண்ணெய் பட்டு அறுந்துவிட்டது. நூல் கட்டினேன், அழுக்கானது. ஒரு சாயங்காலம் கரண்ட் போயிற்று, காபிக்குச் சர்க்கரை எடுக்கத் தட்டில் கைவிட்டேன், விரல் நுனியில் சொரசொரவென்று என்னவோ ஓடியது, தடவினேன், பூ, ங், கொ. பூங்கொடி! என் நாத்தனார் பூங்கொடி, எங்கள் கல்யாணத்துக்கு வைத்த டப்பா. பாத்திரக் கடையில் பேர் சொல்லுங்க என்று கேட்டு, புள்ளி புள்ளியாக உளியால் தட்டித் தட்டி வெட்டிக் கொடுத்தானே, அந்தப் பேர். நின்ற இடத்தில் நான் சிரித்த சிரிப்பில் அவர் டார்ச் லைட்டோடு ஓடி வந்தார். வீட்டிலிருக்கிற அத்தனை பாத்திரத்திலும் யாராவது ஒரு சொந்தக்காரர் பேர் இருக்கிறது, இத்தனை வருஷமாக அந்தப் பேர்களையெல்லாம் சாம்பல் போட்டும் சோப்புப் போட்டும் தேய்த்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறேன். மறுநாளே டப்பா எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டி, ஆள் பார்த்து நிரப்பினேன். பூங்கொடிக்கு மிளகாய்த்தூள், அதில் யோசிக்கவே தேவையில்லை, அவள் பேசிவிட்டுப் போனால் ரெண்டு நாளைக்கு எரியும். பெரியத்தைக்குச் சர்க்கரை, வாய் நிறைய இனிப்பு, ஒரு காரியம் செய்து கொடுத்ததில்லை, இருந்தாலும் வீட்டுக்கு வந்தால் வீடே நன்றாக இருக்கும். எங்கம்மா பேர் போட்ட டப்பாவில் உப்பு. மஞ்சள்தூள் பக்கத்து வீட்டு மெஹருன்னிசாவுக்கு, நீளமான பேர், விரல் போய்க்கொண்டே இருக்கும், அதற்காகவே தேவையில்லாமல் ஒரு தடவை தடவிவிட்டுத்தான் எடுப்பேன். பெருங்காயம், தபால் நிலைய ஊழியர்கள் அன்பளிப்பு, அவர் ரிட்டயர் ஆனபோது கொடுத்தது, எல்லாத் தெருவுக்கும் போய்ச் சேருகிற சாமான் அதுதானே. ஓரகத்திக்கு என்ன வைப்பது என்று ரெண்டு நாள் யோசித்து மிளகு வைத்தேன். ஒருத்திகூட மறக்கவில்லை. மனப்பாடம் பண்ணவே வேண்டியிருக்கவில்லை.

அரிசி களைந்து குக்கரில் வைத்தாயிற்று, தண்ணீருக்கு விரல்கணு அளவு, அது எப்போதுமே கண்ணால் பார்க்கிற விஷயமில்லை. கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடுகிறேன், கத்தி கட்டைவிரலுக்குக் கிட்டே வரும்போது உடம்பெல்லாம் கட்டைவிரலுக்கே வந்துவிடுகிறது, மெதுவாக, மெதுவாக, சின்ன வெங்காயத்தைத் தோலுரிக்க உரிக்கத் துண்டுக்குள்ளேயே கண்ணீர். ரவை டப்பாவை நினைத்துக்கொள்கிறேன். அதில் ச. குணவதி என்று வெட்டியிருக்கும். யார் குணவதி, இந்தக் குடும்பத்தில் அப்படி ஒருத்தி இல்லை, எந்தக் கல்யாணப் பந்தியிலோ மாறி வந்தது, திருப்பிக் கொடுக்க ஆள் தெரியாமல் இருபது முப்பது வருஷமாக எங்களோடேயே இருக்கிறாள். அதே மாதிரி என் அன்னக்கூடை ஒன்று தொலைந்தது, வே. தனபாக்கியம் என்று இருக்கும், அது யார் வீட்டில் சோறு வடிகிறதோ. அங்கேயும் யாராவது யார்றி இந்தத் தனபாக்கியம் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான் போகாத ஊரில், பார்க்காத சமையலறையில், என் பேரை ஒருத்தி தினமும் கழுவிக் கவிழ்க்கிறாள் என்று நினைத்தால் நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருக்கிறது. குக்கர் விசில் தூக்கிவாரிப் போடுகிறது. ஒன்று.

இளங்கோ வீட்டில் டப்பாவெல்லாம் பிளாஸ்டிக். ஒரே உயரம், ஒரே மூடி, யார் பேரும் கிடையாது. மருமகள் வித்யா நல்ல பெண், அவளைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும், போன தடவை போயிருந்தபோது காபி போடலாம் என்று நான் கையை நீட்டியதில் கண்ணாடி தம்ளர் ஒன்று விழுந்து உடைந்தது, ஓடி வந்தாள், என் காலில் சில்லு குத்தியதா என்றுதான் முதலில் பார்த்தாள், அப்புறம் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் சோபாவில் வைத்து, நீங்க உக்காருங்க அத்தை என்றாள். எவ்வளவு பிரியமாகச் சொன்னாள். அந்தச் சொல் எனக்குள் போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நீங்க உக்காருங்க. நான் பயப்படுவது இருட்டுக்கு இல்லை, அந்த சோபாவுக்குத்தான். காலையில் உட்கார்ந்து, சாப்பிட உட்கார்ந்து, சாயங்காலமும் அங்கேயே உட்கார்ந்து, யாராவது கையில் ஒரு தம்ளரைக் கொண்டுவந்து திணிக்கிற வரைக்கும் உட்கார்ந்து, அப்படியே சாகிற வரைக்கும். ரெண்டாவது விசில், குக்கர் அடுப்பை அணைக்கிறேன். இல்லை, இன்றைக்கு இதையெல்லாம் நினைக்கிற நாள் இல்லை, வாணலியை வை, அடுத்த அடுப்பைப் பற்ற வை, உஸ்ஸென்று கேஸ் வருகிறது, லைட்டரைத் தட்டு, குப்பென்று முகத்தில் சூடு. பற்றிவிட்டது. நல்லெண்ணெய் காய்கிற வாசனை, கையை மேலே காட்டினால் உள்ளங்கை சொல்கிறது, போதும். அஞ்சறைப்பெட்டியில் கடுகு உருண்டு ஓடும், வெந்தயம் கட்டையாக நிற்கும். போட்டேன். படபடவென்று வெடிக்கிறது பார், ஆகா, அதற்குக் கண் எதற்கு. வெந்தயம் சிவக்கிற வாசனை வந்ததும் வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, கத்தரிக்காய். எனக்கு ஆடலாம் போல இருக்கிறது. இப்போது மஞ்சள்தூள், மிளகாய்த்தூள். ரெண்டாம் தட்டு. மெஹருன்னிசா, எங்கே இருக்கிறாய் தாயே.

வழவழவென்று இருக்கிறது. சரி, திரும்பி இருக்கும், சுற்றிப் பார்க்கிறேன், சுற்றிவர வழவழப்பு. அடுத்த டப்பா. அதுவும். அடுத்தது. ஏதோ ஒட்டியிருக்கிறது, வழுக்குகிற காகிதம், ஓரத்தில் விரல் தடுக்குகிறது, ஸ்டிக்கர், எல்லா டப்பாவிலும் ஸ்டிக்கர், சரியாகப் பேர் வெட்டின இடத்தின் மேலேயே, தபால்காரர் தபால்தலை ஒட்டுகிற நேர்த்தியில் ஒட்டியிருக்கிறது. நேற்று சாயங்காலம் நான் மெஹருன்னிசா வீட்டுக்குப் போயிருந்தேன், அவர் ஏதோ வேலையிருக்கு நீ போய்ட்டு வா என்றார். அதுதானா வேலை. நகத்தால் சுரண்டுகிறேன், வரவில்லை, பசை விரலில் அப்பிக்கொள்கிறது. அம்மா இல்லை, பெரியத்தை இல்லை, குணவதிகூட இல்லை, அத்தனை பேரும் ஒரே நொடியில் எழுந்து போய்விட்டார்கள். வெங்காயம் கருகுகிற வாசனை. அடுப்பு எந்தப் பக்கம். ஐயோ அடுப்பு எந்தப் பக்கம், இவ்வளவு நேரம் தெரிந்ததே, முழங்கை எதிலோ பட்டு ஒரு மூடி விழுந்து சுழன்று சுழன்று சத்தம் அடங்க மாட்டேன் என்கிறது. இதுதான். நாளைக்கு வரப்போவது இதுதான், நான் என்ன அடுக்கினாலும் யாராவது ஒருத்தர் எதையாவது ஒன்றை நகர்த்துவார்கள். கை துண்டு முடிச்சுக்குப் போகிறது. ஒரு இழுப்பு, அவ்வளவுதான், வெளிச்சம் வந்துவிடும், அப்புறம் சோபா.

இழுக்கவில்லை. காது இருக்கிறதே, பொரிகிற சத்தம் எங்கே கேட்கிறது, வலது கைப்பக்கம், அடுப்பைக் குறைத்தேன். குறைத்ததும் மூச்சு வந்தது. பேர் போனால் என்ன, உள்ளே இருக்கிற சாமான் போகவில்லையே. முதல் டப்பாவைத் திறந்து முகர்ந்தேன், பூங்கொடி, சத்தியமாகப் பூங்கொடி, நாலு தும்மல் அடுத்தடுத்து, வீடே அதிர்ந்தது, கூடத்தில் மனுஷன் ஒரு சத்தம் காட்டவில்லை. அடுத்தது மண்வாசனை மாதிரி, மஞ்சள். அடுத்ததில் வாசனையே இல்லை, நாக்கில் வைத்தேன், இனிப்பு, பெரியத்தை நீங்க உக்காருங்க, உங்களை அப்புறம் பார்க்கிறேன். அதற்கடுத்தது உப்பு. அப்பாடா என்று வேண்டியதைப் போட்டு, புளியைக் கரைத்து ஊற்றினேன், குழம்பு ஒரு சீறு சீறி அடங்கிக் கொதிக்க ஆரம்பித்தது. கை சும்மா ஆனதும்தான் அந்த நினைப்பு வந்தது. ஏன் ஒட்டினார். போட்டி இன்றைக்கு என்று தெரியும், நேற்று ஒட்டியிருக்கிறார். நான் விரலால் படிக்கிறேன் என்று அவருக்குத் தெரியும், நானே அவர் விரலைப் பிடித்துத் தடவக் காட்டியிருக்கிறேன். அப்படியானால் நான் தோற்க வேண்டும் என்று நினைத்தாரா. அவருக்குப் பெங்களூர் போக ஆசை. ஏன் இருக்காது, பேரப்பிள்ளை இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, வேளைக்குச் சாப்பாடு வரும், இங்கே கண்ணில்லாத ஒருத்தியைக் கட்டிக்கொண்டு என்ன சுகம். நேராகச் சொல்லியிருக்கலாமே. சொல்ல முடியாமல்தான் ஸ்டிக்கர் வாங்கினாரா. அழுத்தமான ஆள்தான், ஆனால் கள்ளத்தனம் கிடையாது, இல்லை எனக்குத்தான் தெரியாமல் போயிற்றா, ஓரத்தில் இருந்ததெல்லாம் தெரியாமல் போனது மாதிரி. கொதிக்கிற குழம்புக்கு முன்னால் நின்றுகொண்டு இதே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றினேன். கோபம் வந்தது நல்லதாகப் போயிற்று, அந்தக் கோபத்தில் பயமில்லாமல் அப்பளத்தைப் பொரித்துவிட்டேன். இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டபோது சரக்கென்று கேட்டது. ஒன்றுகூடக் கருகவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு, துண்டைக் கட்டியபடியே கூடத்துப் பக்கம் திரும்பி, "என்னங்க, ஆச்சு. வந்து பாத்துக்கங்க" என்றேன். பேப்பர் சத்தம் கேட்கவில்லை. எனக்கு எதிரே, ரெண்டு முழம் தள்ளி, சமையலறை நிலைப்படியிலிருந்து அவர் குரல் வந்தது. "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அங்க என்ன பண்றீங்க? உள்ள வரக் கூடாதுன்னுதானே பேச்சு?"

"உள்ள வரலையே. படிக்கு வெளியத்தான நிக்கிறேன். வெங்காயம் போடுறதுக்கு முன்னாடி என்னமோ போட்டியே, வெந்தயமா அது?"

"அத விடுங்க. டப்பா மேல ஸ்டிக்கர் யாரு ஒட்டச் சொன்னது? நான் தோத்துப் போகணுமுன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமுல்ல. பெங்களூர் போகணுமுன்னு ஆசையா இருக்குன்னு சொன்னா நான் என்ன கொன்னா போடுவேன்?"

"தோக்கணுமுன்னா?" அவர் குரல் தடுமாறியது. "அடிப்பாவி. எனக்குடி அது. பூங்கொடிக்குள்ள மிளகாப்பொடி, அத்தைக்குள்ள சர்க்கரைன்னு நீ வச்சுக்கிட்டா நான் எங்க போயித் தேடுறது? நாளைக்கு உனக்கு முடியல, காய்ச்சல்னு படுத்துட்டே, ஒரு கஞ்சி வைக்க எனக்குத் தெரிய வேணாமா? கொட்டை எழுத்துல எழுதி ஒட்டுனேன். ஒட்டையில கீழ பேரு இருக்கிறது சத்தியமா ஞாபகம் வரல. நீ தடவுறப்பதான் வந்துச்சு. ஓடி வந்து சொல்லலாம்னா பேசக் கூடாதுன்னுட்டே. வேர்த்து ஊத்திருச்சு எனக்கு."

விரலில் ஒட்டிய பசையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். "சரி, ஜெயிச்சுட்டேன்" என்றேன். "இன்னிக்கு இளங்கோ கூப்புட்டா நீங்கதான் சொல்லணும்."

"சொல்லியாச்சு."

"எப்ப?"

"போன ஞாயித்துக்கிழமையே. அம்மாவுக்கு வர இஷ்டமில்லப்பான்னு சொல்லிட்டேன்."

"என்னையக் கேக்காமலேயா? அப்ப நான் இஷ்டமில்லேன்னு சொல்லவே இல்லையேங்க?"

"பின்ன அப்பாவுக்கு இஷ்டமில்லேன்னா சொல்ல முடியும்? சங்கடப்பட மாட்டானா அவன்?" ஒரு செருமல். "பன்னெண்டாவது மாடியில இருந்து எட்டிப் பாத்தா எனக்குத் தலை சுத்துது தனம். தெருவுல ஒருத்தன் பேரு தெரியாது. எனக்குப் பயமா இருக்கு அங்க போயி உக்கார."

எனக்குப் பயமாக இருக்கிறது என்று இந்த மனுஷன் வாயால் நான் கேட்டதே இல்லை. நாலு நாளாக மனதுக்குள் டப்பா டப்பாவாக ஒத்திகை பார்த்தது, தூக்கமில்லாமல் புரண்டது, இதோ இப்போது அவரைக் கள்ளனாக்கிக் கரித்துக் கொட்டியது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து சிரிப்பாக வந்துவிட்டது, அடக்க முடியவில்லை, மேடையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன், "அப்ப எதுக்குங்க என்னைய இந்தப் பாடு படுத்துனீங்க, முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமுல்ல" என்றால், "சொல்லியிருந்தா நீ துண்டக் கட்டியிருப்பியா? உனக்கு முடியுமான்னு உனக்குத் தெரிய வேணாமா?" என்கிறார். "என்னையும் அடுப்பாங்கரை வாசல்ல நிக்க நீ எப்ப விட்டே? இன்னிக்குத்தான் குழம்பு வைக்கிறத முழுசாப் பாத்தேன்." அவர் குரலும் சிரிப்பில் உடைந்துபோனது. எவ்வளவு நேரம் அங்கே நின்றிருக்கிறார் என்று நினைத்தேன், நான் கத்தியைப் பிடித்தபோதும், மூடி விழுந்தபோதும், கை முடிச்சுக்குப் போனபோதும். ஒரு எட்டு எடுத்து வைக்காமல், ஒரு வார்த்தை பேசாமல், வேர்த்துக்கொண்டு. சந்தோஷத்தில் ஒருத்திக்கு நெஞ்சு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது, வலித்தது.

துண்டை அவிழ்த்தேன். வெளிச்சம் முதலில் குத்தியது, கொட்டிக் கொட்டி விழித்தேன், அப்புறம் மெல்ல என் வட்டம் தெளிந்தது. அதற்குள் அவர் முகம் இருந்தது. நிலைப்படி தெரியவில்லை, சுவர் தெரியவில்லை, அவர் தோள்கூடத் தெரியவில்லை, முகம் மட்டும் சரியாக அந்த அளவுக்கு வந்து நின்றிருந்தது, கண்ணாடியில் ஆவி படிந்து, காலையில் சவரம் செய்யும்போது தாடைக்குக் கீழே விட்டுப்போன நாலு வெள்ளை முடியோடு. என்ன அப்படிப் பாக்குறே, குழம்பு ஆறுது, பசிக்குது என்றார். உட்காருங்க, போடறேன் என்றேன்.